கலிக்காமர் கோபம்

கும்பகோணத்தில் ஒரு கூட்டத்தில் பேசிவிட்டு இறங்கி, காப்பி டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றேன். ஒரு பெரியவர் பக்கத்தில் வந்தார். எழுபது வயசுக்குக் குறையாது. நெற்றி நிறைய விபூதி. நான் எழுதியதையெல்லாம் ஒன்று விடாமல் படித்திருப்பதாகச் சொன்னார். எழுதுகிறவனுக்கு வேறென்ன வேண்டும்? உச்சி குளிர்ந்து போயிற்று.

"எல்லாம் நன்னாத்தான் இருக்கு. ஆனா உம்ம கதையிலே ஆம்பிளைகள் ரொம்ப அழறாளே, அதைக் கொஞ்சம் குறைச்சுக்கப்படாதோ? ஒரு பொண்ணு மாட்டேன்னுட்டா, துண்டை உதறித் தோள்லே போட்டுண்டு போயிண்டே இருக்கணும். கண்ணைக் கசக்கிண்டு அவ வாசல்லே நிக்கறவன் என்ன ஆம்பிளை?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

அவர் போன பிறகு ஓர் இளைஞன் பஸ் ஸ்டாண்டு வரையில் கூடவே நடந்து வந்தான். மன்னார்குடிப் பக்கம். சென்னையில் கம்ப்யூட்டர் உத்தியோகம். "அந்தத் தாத்தா சொன்னதுதான் சார் கரெக்ட்" என்றான். இரண்டு வருஷமாக ஒரு பெண்ணோடு பழகியிருக்கிறான். (காதல் என்ற வார்த்தையை அவன் சொல்லவே இல்லை. 'ரிலேஷன்ஷிப்' என்றான். என் வயசுக்காரர்கள் காதல் என்று சொல்லக் கூச்சப்பட்டது பெரியவர்களுக்குப் பயந்து. இவன் எதற்குக் கூச்சப்படுகிறான் என்று தெரியவில்லை.) நடுவில் வேலை போய்விட்டது. ஒரு நாள் ராத்திரி அவளிடம் எல்லாவற்றையும் கொட்டி அழுதிருக்கிறான். அப்பாவின் கடன், வாடகை பாக்கி, தன் பேரிலேயே தனக்கு நம்பிக்கை விட்டுப்போனது, எல்லாம். ஒரு மாசத்துக்குள் அவள் பேச்சைக் குறைத்தாள். பிறகு நிறுத்தியே விட்டாள்.

"மனசைத் திறந்து காட்டினா மரியாதை போயிடும் சார். பொண்ணுங்களுக்கு அழுவுற ஆம்பளையைப் பிடிக்காது."

"கூட்டாளிகள் இருப்பார்களே, அவர்களிடம் முன்னாலேயே சொல்லியிருக்கியா இதையெல்லாம்?"

"அவனுங்ககிட்டயா? கலாய்ச்சே கொன்னுடுவானுங்க."

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். தான் சொன்னது என்ன என்று அவன் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. எனக்கும் பஸ் வந்துவிட்டது. அன்றைக்குச் சொல்லாத பதிலை இப்போது சொல்லுகிறேன், இரண்டு பேருக்கும் சேர்த்து.

பெரியவர் விபூதிக்காரர். ஆகையால் அவருக்குத் தெரிந்த ஊரிலிருந்தே தொடங்கலாம்.

திருவாரூரில் பரவையார் வீட்டுக் கதவு சாத்தியிருக்கிறது. வெளியே நிற்கிறவர் சாமானியப்பட்டவர் இல்லை, தம்பிரான் தோழர். திருவொற்றியூருக்குப் போய், சங்கிலியாரைக் கல்யாணம் செய்துகொண்டு, உன்னைப் பிரியமாட்டேன் என்று மகிழமரத்தடியில் சத்தியம் பண்ணிக்கொடுத்து, சத்தியத்தை மீறிக் கண்ணை இழந்து, ஒரு கண்ணைக் காஞ்சியிலும் மற்றொன்றைத் திருவாரூரிலும் திரும்பப் பெற்றுக்கொண்டு வந்திருக்கிறார். பரவையாருக்குச் சங்கதி முன்பே எட்டிவிட்டது. சுந்தரருடைய ஆட்கள் போனார்கள்; உள்ளே விடவில்லை. கற்றறிந்த பெரியவர்களை அனுப்பினார். அவர் பேச்சை எடுத்தால் உயிரை விட்டுவிடுவேன் என்றாள் அந்த அம்மாள். ராத்திரி முழுவதும் அவருக்குத் தூக்கம் இல்லை. கடைசியில் தியாகேசனிடமே போய் முட்டிக்கொண்டார். நீதான் போக வேண்டும் என்றார். சிவபெருமான் அர்ச்சகர் வேஷத்தில் போனார். முடியாது என்று பதில் வந்தது. திரும்பி வந்து அதைச் சொல்ல, மறுபடியும் போகச் சொன்னார் சுந்தரர். மறுபடியும் போனார்.

ஒரே ராத்திரியில் திருவாரூர்த் தெருவில் ஆண்டவனை நாலு நடை நடக்கவிட்ட இந்தக் கதையைச் சொல்லுகிறவர் சேக்கிழார். சோழ ராஜ்யத்தில் மந்திரியாக இருந்தவர். அவருக்கு இதில் ஒரு சங்கோசமும் இல்லை. ஒரு மகா புருஷன் ஒரு பெண்ணுக்காகத் தூக்கமில்லாமல் தவித்ததை, பக்தியைச் சொல்லுகிற அதே குரலில் சொல்லுகிறார்.

சங்கோசப்பட்டவர் வேறொருவர். திருப்புன்கூருக்குப் பக்கத்தில் பெருமங்கலம் என்ற ஊரில் இருந்த ஏயர்கோன் கலிக்காமர். செய்தி காதில் விழுந்ததும் அவருக்கு உடம்பு கொதித்தது. ஆண்டவனை அடியான் ஏவினான், அதுதான் கோபத்துக்குக் காரணம் என்பார்கள் சைவர்கள். இருக்கட்டும். ஆனால் ஒரு யுத்தத்துக்காகவோ, ஒரு கோயில் திருப்பணிக்காகவோ ஏவியிருந்தால் இத்தனை கோபம் வந்திருக்குமா என்று நான் யோசித்ததுண்டு. போயும் போயும் ஒரு பெண்பிள்ளையின் ஊடலைத் தீர்க்க! அதுதான் உறுத்தியிருக்கிறது என்று எனக்குப் படுகிறது. பெருமானே அவருக்குச் சூலைநோயைக் கொடுத்து, சுந்தரன் வந்தால்தான் தீரும் என்கிறார். அவனால் தீருவதைவிடத் தீராமல் இருப்பதே மேல் என்கிறார் கலிக்காமர். சுந்தரர் வருகிறார் என்று ஆள் வந்து சொன்னதும் வாளை எடுத்துத் தம் வயிற்றிலேயே குத்திக்கொண்டு இறந்துபோகிறார். அவர் மனைவி உடலை மறைத்துவைத்து, யாரும் அழக்கூடாது என்று வீட்டாருக்குக் கட்டளையிட்டு, சுந்தரரை வரவேற்கிறாள். (இந்த அம்மாள் மானக்கஞ்சாறருடைய பெண். கல்யாணத்தன்றே கூந்தலை அறுத்துக் கொடுக்க நேர்ந்தவள். அவளைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.)

அழுகிற ஆணின் முகத்தைப் பார்ப்பதைவிடச் சாவதே மேல் என்று நினைத்தவர் யார் என்று கவனியுங்கள். ஓர் ஆண். பரவையார் அப்படி நினைக்கவில்லை. என்னை விட்டுவிட்டு அங்கே போய் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டாயே என்பது அவள் கோபம். நீ என் வாசலில் வந்து கெஞ்சுகிறாயே, நீயும் ஓர் ஆண்பிள்ளையா என்று அவள் கேட்டதாகச் சேக்கிழாரும் சொல்லவில்லை, வேறு யாரும் சொல்லவில்லை. செய்த காரியத்துக்காக ஒரு பெண் கோபப்படுவது வேறு. அழுகைக்காக இளக்காரம் பண்ணுவது வேறு. முதலாவதை இரண்டாவது என்று எடுத்துக்கொள்வதில் ஆண்களுக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. தப்பு நம் பேரில் இல்லை, அவளுக்கு மனசு இல்லை என்று ஆகிவிடுகிறது பாருங்கள்.

மன்னார்குடிப் பையன் இந்த இடத்தில் முகத்தைச் சுளிப்பான். "நான் ஒரு தப்பும் பண்ணலியே சார்." வாஸ்தவம். அவன் அழுததற்காகவே அவள் போயிருக்கலாம். பெண்களும் இந்த ஊரில் பிறந்து, இந்தச் சினிமாவைப் பார்த்து வளர்ந்தவர்கள்தானே? அழுகிற ஆணைக் கண்டு பின்வாங்குகிற பெண்கள் உண்டு. அதை இல்லையென்று சொன்னால் நான் பொய் சொன்னவனாவேன். அவளுக்குப் போக உரிமையும் உண்டு. இவனுக்கு வலிக்கவும் உரிமை உண்டு. நான் கேட்பது அதற்கு முந்தின கேள்வி. ஐந்து பேர், பத்து பேர் தாங்க வேண்டிய பாரத்தை, அப்பா, அண்ணன், அறைத் தோழன், ஆபீஸ் சிநேகிதன் என்று ஆளுக்குக் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்ள வேண்டியதை, மூட்டையாகக் கட்டி ஒரே ராத்திரியில் ஒரு பெண்ணின் தலையில் இறக்கினானே, ஏன்? வேறு யாரிடம் இறக்கினாலும் சிரிப்பார்கள் என்பதனால். சிரிக்கிறவர்கள் யார்? "கலாய்ச்சே கொன்னுடுவானுங்க" என்று அவனே சொல்லிவிட்டான். பெண்கள் மதிக்கமாட்டார்கள் என்று அந்தக் கூட்டாளிகளே அவனுக்குக் கற்றுக்கொடுக்கவும் செய்கிறார்கள்.

பழந்தமிழில் இதற்கு ஓர் ஏற்பாடு இருந்தது. பாங்கன் என்று ஒருவனை வைத்திருந்தார்கள். தலைவன் உருகினால் பாங்கன் முதலில் இடித்துரைப்பான், நம் பெரியவர் மாதிரி. அதோடு முடியாது. பிறகு தானே போய் அவளைப் பார்த்துவிட்டு வந்து, சிநேகிதன் தவிப்பில் நியாயம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு, உதவியும் செய்வான். அப்படி இடித்துரைத்த பாங்கனுக்குத் தலைவன் பதில் சொல்லுவதாகக் குறுந்தொகையில் ஒரு பாட்டு, 58ஆவது. வெயில் காயும் பாறையில் உருகுகிற வெண்ணெய். காவலுக்கு இருப்பவனோ கையில்லாத ஊமை. கண்ணால் பார்க்கத்தான் அவனால் முடியும். ஆணின் இயலாமையை இதற்குமேல் ஒருவர் சொல்லிவிட முடியாது. சொன்னது யார்? வெள்ளிவீதியார், ஒரு பெண். அழுகிற ஆணைப் பெண்களுக்குப் புரியாது என்கிறவர்கள் இந்த அம்மாளுக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

இந்தப் பாங்கன் அப்புறம் எங்கே போனான்? தி. ஜானகிராமன் 1956இல் சுதேசமித்திரனில் தொடராக எழுதிய 'மோகமுள்'ளில் ஒரு தடவை கண்ணில் பட்டான். பாபுவுக்கு ராஜம் என்று ஒரு சிநேகிதன். பத்து வயசு மூத்த யமுனாவின் பேரில் பாபு கொண்ட பித்தையெல்லாம் அவன் கேட்கிறான், வாதாடுகிறான். ஊர் முழுக்கப் போய்ச் சொல்லிச் சிரிப்பதில்லை. அந்த நாவலைப் படித்தவர்கள் யமுனாவைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். ராஜத்தைப் பற்றி ஒருவரும் பேசி நான் கேட்டதில்லை.

ஆண் அழவே கூடாது என்று நம் சீமையில் சட்டம் ஒன்றும் இல்லை. எங்கே அழலாம் என்பதற்குத்தான் சட்டம். 2016இல் காவிரியும் வரவில்லை, ஐப்பசி மழையும் பொய்த்தது. சம்பா கருகின வயலில் நின்றுகொண்டு ஆண்பிள்ளைகள் விம்மி அழுததைப் பத்திரிகைகள் படம் போட்டன. பார்த்தவர்கள் கண்கலங்கினார்கள். "என்ன ஆம்பிளை இவன்" என்று யாரும் சொல்லவில்லை. நெல்லுக்காக அழலாம்.

சுவாமிக்காக அழலாம், அதுவும் பெண்ணாக மாறி அழுதால் விசேஷம். மெலட்டூரில் நரசிம்ம ஜயந்தியை ஒட்டிப் பாகவத மேளம் நடக்கும். ஸ்திரீ பார்ட்டெல்லாம் ஆண்கள்தான். பிரகலாதனுக்குத் தாயான லீலாவதியாகப் புடவை கட்டிக்கொண்டு ஓர் ஆண் கதறினால் பந்தல் முழுக்க மேல்துண்டு நனையும். ஆலிநாட்டுத் தலைவராக, வாளும் கையுமாக இருந்த திருமங்கையாழ்வார், திருவெள்ளக்குளத்துக் குமுதவல்லி போட்ட நிபந்தனைக்கெல்லாம் தலையாட்டி, தினம் 1,008 பேருக்கு ஒரு வருஷம் சோறு போட்டார் என்பது குருபரம்பரைக் கதை. அவ்வளவு துணிந்தவர்கூடப் பெருமாளுக்காக உருக வேண்டுமென்றபோது பெண்ணின் குரலை எடுத்துக்கொண்டுதான் இரண்டு திருமடல்களையும் பாடினார். பாட்டின் அழகைப் பற்றி இங்கே பேச்சில்லை. இத்தனை நூற்றாண்டாக, வேஷ்டி கட்டிக்கொண்டு அழ முடியாததற்கெல்லாம் புடவை கட்டிக்கொண்டு அழுதிருக்கிறோம். புடவைக்காரர்களுக்கு நாம் பட்ட கடன் கொஞ்சமில்லை.

மூன்றாவதாக, குடித்துவிட்டு அழலாம். 1953இல் தேவதாஸ் படம் வந்ததிலிருந்து காதலில் தோற்றவனுக்குத் தாடியும் புட்டியும் யூனிபாரம் ஆகிவிட்டன. 2011இல் 'கொலவெறி' பாட்டு வந்து உலகமெல்லாம் பாடிற்று; தன்னைத்தானே 'சூப் ஸாங்' என்று சொல்லிக்கொண்ட பாட்டு அது. அதற்கு முன்னும் பின்னும் வந்த அந்த ரகப் பாட்டுகளில் பாதி, டாஸ்மாக் வாசலில் நின்று பெண் குலத்தையே வைகிற பாட்டு. எனக்குத் துக்கமாக இருக்கிறது என்று சொல்ல ஓர் ஆண்பிள்ளைக்கு நாலு வரி போதும். அதற்குத் தைரியம் இல்லாமல் இத்தனை வசவு, இத்தனை சாராயம்.

ஆக, தெளிந்த புத்தியோடு, தன் குரலில், தான் விரும்புகிறவளிடம் எனக்கு வலிக்கிறது என்று சொல்லுவதுதான் தடுக்கப்பட்டிருக்கிறது. மற்றதற்கெல்லாம் அநுமதி உண்டு.

இங்கே என் கட்சிக்காரர்களையும் கொஞ்சம் அதட்டியாக வேண்டும். ஆண் மனம்விட்டு அழ வேண்டும் என்று இப்போது சொல்லுகிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். நல்லது. ஆனால் எல்லாக் கண்ணீரும் ஒரு ஜாதி இல்லை. நம் முன்னோர் மடலேறுதல் என்று ஒன்று வைத்திருந்தார்கள். கருக்குள்ள பனைமட்டையைக் குதிரையாகப் பண்ணி, எருக்கம்பூ மாலையைச் சூடிக்கொண்டு, அவள் உருவம் எழுதிய படத்தைக் கையில் பிடித்து, நடுத்தெருவில் போவது. அல்லது போவேன் என்று பயமுறுத்துவது. வள்ளுவர் இதற்கு நாணுத்துறவுரைத்தல் என்று 114ஆம் அதிகாரத்தையே ஒதுக்கியிருக்கிறார். படிக்க ருசியாகத்தான் இருக்கிறது. அந்தப் பெண்ணின் வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்தால் எப்படி இருந்திருக்கும்? ஊர் சிரிக்கும், அவள் பேர் சந்தி சிரிக்கும், வேறு வழியில்லாமல் கொடுத்துவிடுவார்கள். இது கண்ணீரைக் காட்டிக் கழுத்தைப் பிடிக்கிற வேலை. மணிக்கட்டைப் பிளேடால் கீறிப் படம் எடுத்து அனுப்புகிறவனும், நீ பேசாவிட்டால் செத்துவிடுவேன் என்று நாளைக்கு நாற்பது தடவை எழுதுகிறவனும் அதே மட்டைக் குதிரையில்தான் சவாரி செய்கிறார்கள். அவர்களை ஒரு பெண் மதிக்காமல் போனால் நான் அவள் கட்சி. சுந்தரர் ஆண்டவனிடம் முட்டிக்கொண்டார். பரவையார் கதவை உடைக்கவில்லை. கதவு திறக்கிறவரை வெளியேதான் இருந்தார்.

கதவை உடைத்தவர்கள் நம் டெல்டாவிலேயே இருக்கிறார்கள். 2012 நவம்பரில் காரைக்காலில் ஓர் இளம் பொறியாளர்ப் பெண்ணின் முகத்தில் ஒருவன் திராவகத்தை ஊற்றினான். மூன்று மாசம் துடித்து, 2013 பிப்ரவரியில் அவள் இறந்தாள். 2024 நவம்பர் 20ஆம் தேதி தஞ்சாவூர் ஜில்லாவின் கடலோரத்தில், மல்லிப்பட்டினத்து அரசு மேல்நிலைப் பள்ளிக்குள்ளேயே புகுந்து 26 வயசு ஆசிரியை ஒருத்தியை ஒருவன் குத்திக் கொன்றான். இரண்டுக்கும் போலீஸார் சொன்ன காரணம் ஒன்றே: கல்யாணத்துக்குச் சம்மதிக்கவில்லை.

பெரியவரே, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போக வேண்டும் என்றீர்களே, அதை இவர்களும் கேட்டுத்தானே வளர்ந்திருப்பார்கள்? பெண் மறுத்தால் அது துக்கம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அவமானம் என்று சொல்லித்தந்திருக்கிறோம். துக்கம் வந்தவன் அழுவான், ஆறு மாசம் சாப்பாடு இறங்காமல் திரிவான், பிறகு தேறுவான். அவமானப்பட்டவன் கணக்குத் தீர்க்கக் கிளம்புவான். அழுதிருந்தால் அந்தக் கைகள் கத்தியை எடுத்திருக்காது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். மனுஷ மனசு அவ்வளவு எளிய கணக்கு இல்லை. கொலைகாரனுக்கு வக்காலத்து வாங்கவும் நான் வரவில்லை. அவமானம் என்ற அந்த வார்த்தையை அவன் வாயில் போட்டது யார் என்று மட்டும் கேட்கிறேன்.

கத்தியை வெளியே நீட்டாதவர்கள் கலிக்காமர் மாதிரி உள்ளே திருப்பிக்கொள்கிறார்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் வருஷத்துக் கணக்குப்படி தேசத்தில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 1,70,924 பேர். அதில் ஆண்கள் 1,22,724. பத்துக்கு ஏழு. காதல் விவகாரம் என்று எழுதப்பட்டவை நூற்றுக்கு நாலரைதான். குடும்பப் பிரச்னை, வியாதி என்ற கட்டங்களில் அதைவிட நிறைய. சொல்லி அழ ஆள் இல்லை என்று ஒரு கட்டம் அந்தப் படிவத்தில் கிடையாது.

பெருமங்கலத்துக் கதையை நான் முடிக்கவில்லை. உள்ளே போன சுந்தரர் குடல் சரிந்து கிடந்தவரைப் பார்த்தார். நானும் இப்படியே ஆவேன் என்று அதே வாளை எடுத்தார். அப்போது இறைவன் அருளால் உயிர் பெற்று எழுந்த கலிக்காமர் செய்த முதல் காரியம், சுந்தரர் கையைப் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு இரண்டு பேரும் சிநேகிதர்களாகச் சேர்ந்து திருப்புன்கூருக்குப் போகிறார்கள். அத்தனை கோபத்துக்கும் பிறகு சேக்கிழாரால் அந்தக் கையைப் பிடிக்கவைக்க முடிந்தது. எனக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை.

நான் கல்லூரியில் இரண்டாம் வருஷத்தோடு படிப்பை விட்டவன். அந்த இரண்டு வருஷத்தில் எனக்கு ஒரே ஓர் அத்யந்த நண்பன். ஒரு பெண்ணிடம் தன் மனசைச் சொன்னான். அவள் மரியாதையாகவே மறுத்துவிட்டாள். அன்று சாயங்காலம் காவிரிப் படித்துறையில் உட்கார்ந்து என்னிடம் சொல்லிக்கொண்டு வந்தவன், நடுவில் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தான். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சிரித்தேன். அதோடு விட்டேனா? மறுநாள் வகுப்பில் அவனுக்குக் 'கண்ணீர்ப் பந்தல்' என்று பெயர் வைத்தேன். எல்லோரும் ரசித்தார்கள். பார்க்கப்போனால் ஊர் முழுக்க ஒரே நாளில் பரவின என் முதல் இலக்கியப் படைப்பு அதுதான். படிப்பு முடிகிறவரை அவனை அந்தப் பெயரால்தான் கூப்பிட்டார்கள். அவன் என்னோடு சண்டை போடவில்லை. பேச்சையும் நிறுத்தவில்லை. கிரிக்கெட், பரீட்சை, உத்தியோகம் என்று எல்லாம் பேசினான்.

போன தை மாசம் திருச்சியில் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் அம்மா தவறிப்போய்ப் பதினைந்து நாள் ஆகியிருந்தது. அவன் கூடத்தில் டெலிவிஷன் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி சமையலறை வாசலில் நின்று, தாழ்ந்த குரலில் சொன்னாள்: "பதினெட்டு வருஷமாச்சுங்க. இவருக்கு எதுல வருத்தம், எதுல சந்தோஷம்னு எனக்குத் தெரியாது. அத்தை போனப்பக்கூட ஒரு சொட்டு வரலை. உங்ககிட்டயாவது ஏதாவது சொல்லுவாரா?"

"என்னிடம் சொல்லமாட்டான்" என்றேன்.

"ஏன்?"

படித்துறையிலிருந்து ஆரம்பித்து முழுவதையும் சொன்னேன், அந்தப் பெயர் உட்பட. பாதியில் கூடத்தில் டெலிவிஷன் சத்தம் நின்றுவிட்டது.